எலுமிச்சம்பழத்தின் மேல் போட்ட பழி

சென்ற மாதம் மலாக்காவில், பத்து பெரண்டாம் என்கிற ஊரில், எங்கள் பழைய தொழிற்சாலை ஆட்கள் ஒன்றுகூடல் வைத்தார்கள். மண்டபம், சாப்பாடு, ஆளுக்கொரு சால்வை. மேடை ஏறிய ஒருவர், பெயர் வேண்டாம், கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் நம் பெண்கள் ஆயுத பூஜை என்று சொல்லி பேட்டரிக்குள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டார்களாம். லோரி லோரியாகப் பேட்டரி செத்துத் திரும்பி வந்ததாம். மண்டபமே சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று அது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பேச வராவிட்டால் எழுதலாம் அல்லவா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான் என்னுடையது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிக்கொண்டிருந்தவள் நான். கித்தாவை அழித்துச் செம்பனை நட்டார்கள். பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளின் பஸ்கள் தோட்டம் தோட்டமாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. எனக்கு அப்போது நாற்பதை நெருங்கிய வயது. கார் பேட்டரி செய்யும் கம்பெனியில் என்னை எடுத்துக்கொண்டார்கள். கையை நீட்டச் சொல்லி, அதன் மேல் ஓர் ஈயத் தட்டை வைத்து, கை நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். இருபத்தைந்து வருடம் சீவுகத்தி பிடித்த கை. நடுங்கவில்லை.

ஒன்றரை வருடம் தட்டு அடுக்கினேன். பிறகு சார்ஜ் போடும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். இந்த இரண்டு வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்த அநியாயம் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் பேட்டரியை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஆறு அறை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் சுவர். ஓர் அறையின் தண்ணீர் இன்னோர் அறைக்குப் போகாது. ஒவ்வோர் அறைக்கும் மேலே தனி மூடி. ஓர் அறையை ஒரு செல் என்பார்கள். ஒரு செல் கொடுப்பது இரண்டு வோல்ட். சின்ன செல்லானாலும் பெரிய செல்லானாலும் அதே இரண்டுதான். பெரிதாக இருந்தால் அதிக நேரம் தாங்கும், அவ்வளவே. ஆறு செல்லை வரிசையாகக் கோத்தால் பன்னிரண்டு.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தட்டுகளை அடுக்கவேண்டும். முதலில் சாம்பல் நிறத் தட்டு. அது வெறும் ஈயம், கடற்பஞ்சுபோல நுண்ணிய ஓட்டைகள் உள்ள ஈயம். அதன் மேல் ஒரு மெல்லிய தாள். அதன் மேல் காவி நிறத் தட்டு. அதுவும் ஈயம்தான், ஆனால் துரு ஏறியதுபோல வேறாக மாற்றப்பட்ட ஈயம். மறுபடி தாள், மறுபடி சாம்பல். இரண்டு ஓரத்திலும் சாம்பல் தட்டுதான் நிற்கவேண்டும். தாளில் வரி உள்ள பக்கம் காவித் தட்டைப் பார்க்கவேண்டும். ஒரு தாள் விட்டுப்போனால் இரண்டு தட்டும் ஒன்றையொன்று தொட்டுவிடும். அந்த செல் பிறக்கும்போதே செத்தது.

ஏன் இப்படி என்று சூப்பர்வைசர் யாரும் சொல்லித் தரவில்லை. சார்ஜ் அறையில் ஹாசான் என்று ஒரு மலாய்க்காரர், டெக்னீஷியன், என் வயதுதான் இருக்கும். நான் அங்கே போன முதல் வாரம், தட்டுகளை ஏன் மாற்றி மாற்றி அடுக்குகிறோம் என்று பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், அவரைக் கேட்டேன். அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் ஆசிட் தண்ணீரை ஊற்றினார். ஒரு சாம்பல் தட்டையும் ஒரு காவித் தட்டையும் தொடாமல் நிறுத்தினார். இரண்டிலும் கம்பி வைத்து டார்ச்லைட் பல்பைத் தொட்டார். எரிந்தது. காவித் தட்டை எடுத்துவிட்டு இரண்டையும் சாம்பல் தட்டாக வைத்தார். எரியவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பல்பைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். பேட்டரிக்குள் மின்சாரம், குடத்தில் தண்ணீர்போல நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்னும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு தட்டும் வேறு வேறாக இருப்பதுதான் அதன் பலம். சாம்பல் தட்டு எதையோ கொடுக்கத் தவிக்கிறது. காவித் தட்டு அதை வாங்கத் தவிக்கிறது. உள்ளேயே நேராகக் கொடுத்து வாங்க முடியாதபடி தாள் நடுவில் நிற்கிறது. அதனால் கொடுக்கல் வாங்கல் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போகிறது. போகிற வழியில் விளக்கை எரிக்கிறது, காடியை, அதாவது காரை, கிளப்புகிறது. அப்படிப் போகப் போக, உள்ளே இருக்கும் ஆசிட் இரண்டு தட்டிலும் ஏறி ஒட்டிக்கொள்கிறது. காவியும் மாறுகிறது, சாம்பலும் மாறுகிறது. இரண்டும் ஒரே வெளிறிய பூச்சாக ஆகிவிட்டால் வேறுபாடு போயிற்று, பேட்டரி இறங்கிப்போயிற்று. சார்ஜ் போட்டால் தட்டில் ஏறிய ஆசிட் திரும்பத் தண்ணீருக்கு வருகிறது. தட்டுகள் பழையபடி காவியும் சாம்பலும் ஆகின்றன.

ஆகவே பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் எவ்வளவு ஆசிட் இருக்கிறது என்று பார்த்தால் போதும். அதுதான் என் வேலை. ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய். மேலே ரப்பர் குமிழ். குமிழை அழுத்தி விட்டால் செல்லின் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். உள்ளே ஒரு மிதவை. ஆசிட் கெட்டியாக இருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும், தண்ணீராக இருந்தால் தாழ்ந்து போகும். கண்ணை மிதவைக்கு நேராக வைத்துப் படிக்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு கணக்கு, கீழிருந்து பார்த்தால் ஒரு கணக்கு. வெறும் தண்ணீருக்கு ஆயிரம், நிறைந்த செல்லுக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது; ஆயிரத்தை விட்டுவிட்டு இருநூற்று அறுபது என்றுதான் சொல்வோம். ஆயிரத்து நூற்றுச் சொச்சத்துக்கு வந்துவிட்டால் செல் பட்டினி.

ஆசிட் கலப்பதும் நான்தான். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றவேண்டும், மெதுவாக. ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்தத் தண்ணீரும் குழாய்த் தண்ணீர் கூடாது. சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அதிலிருந்து வரும் தண்ணீரில் ஒன்றுமே இருக்காது, குடித்தால் ருசியே தெரியாது. ஏன் அவ்வளவு சுத்தம் என்றால் இரும்பு என்பார் ஹாசான். இரும்பு கலந்த தண்ணீர் உள்ளே போனால் அந்த இரும்பு சும்மா இருக்காது. சாம்பல் தட்டிடம் போய் ஒன்றை வாங்கும். அதைக் கொண்டுபோய்க் காவித் தட்டிடம் போடும். மறுபடி சாம்பலிடம் போகும். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கு நடுவில் கோள்மூட்டிக்கொண்டே நடப்பார்களே, அதே வேலை. வெளியே கம்பி இல்லை, விளக்கு இல்லை, யாரும் தொடவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு தட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் பலத்தை இழந்துகொண்டே வரும். அலமாரியில் வைத்த பேட்டரி அலமாரியிலேயே செத்துப்போகும்.

இனி சூப்பர்வைசரைப் பற்றி. குணசீலன் என்று பெயர். நம் தமிழர்தான். கோலாலம்பூரில் டிப்ளோமா படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அரைக்கைச் சட்டைக்கு டை கட்டியிருப்பார். கெட்ட வார்த்தை பேசமாட்டார், சத்தம் போடமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பயம். வேலை ஆக வேண்டும் என்றால் ‘அக்கா’ என்பார். தப்பு என்றால் பெயரைச் சொல்லுவார். எதைச் செய்யச் சொன்னாலும், ‘நான் சொல்லலக்கா, மேல சொல்றாங்க’ என்று முடிப்பார். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வந்தால் வெள்ளைப் பலகையில் செல்லின் படத்தை அம்புக்குறி எல்லாம் போட்டு அழகாக வரைந்து காட்டுவார். ஆனால் எட்டு வருடத்தில் அவர் ஹைட்ரோமீட்டரைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் அறையில் லெட்சுமி என்று ஒருத்தி. முப்பது வயது, கிளேபாங்கில் வீடு. நான் எவ்வளவு பேசமாட்டேனோ அவ்வளவும் சேர்த்து அவள் பேசுவாள். ஆசிட் பட்டு ஓட்டையான என் சட்டையைப் பார்த்து, ‘என்னாக்கா, வலை கட்டிக்கிட்டு வந்துட்டீங்க, மீன் பிடிக்கப் போறீங்களா’ என்பாள். நான் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் கணவன் கையை ஏதோ மெஷினில் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தான். இரண்டு பிள்ளைகள். அந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது எனக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு எங்கள் அறையைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். கம்பெனிக்குத் தெரிந்துதான் செய்வோம். லெட்சுமி நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, சார்ஜ் போடும் மேசையின் மூலைக்கு இரண்டாக வைத்தாள். சூப்பர்வைசரும் வந்து நின்று கும்பிட்டார். பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டார். பிறகு லெட்சுமியிடமே இன்னும் நான்கு பழம் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தன் காடியின் நான்கு சக்கரத்துக்கும் கீழே வைத்து ஏற்றினார். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அதே வாரம்தான் தண்ணீர் மெஷின் கெட்டது. உள்ளே போடும் மருந்து தீர்ந்துவிட்டது, புதிது வரப் பத்து நாளாகும் என்றார்கள். தரை கழுவ வெளியே ஓர் இரும்பு டாங்கி இருந்தது. அதன் தண்ணீரில்தான் ஆசிட் கலக்கவேண்டும் என்றார் சூப்பர்வைசர். டாங்கித் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தால் தேநீர் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும்.

“சார், இந்தத் தண்ணி செவப்பா இருக்கு” என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ என்கிற அளவுக்கு மெதுவாக.

“தண்ணி தண்ணிதான் அக்கா. பத்து நாளுதான. லோட் போயாகணும், நான் சொல்லல, மேல சொல்றாங்க” என்றார்.

பத்து நாளும் நான்தான் கலந்தேன். என் கையால்தான் ஊற்றினேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே மரியாதை இல்லை.

அன்று சார்ஜ் ஏற்றிப் பார்த்தபோது எல்லா செல்லும் இருநூற்று அறுபது காட்டின. கோள்மூட்டுகிறவர் குடிவந்த முதல் நாளே குடும்பம் உடைந்துவிடாது. பேட்டரிகள் ஜொகூர் வரைக்கும் கடைகளுக்குப் போயின. தீபாவளி முடிந்து சில வாரத்தில் திரும்பி வரத் தொடங்கின. கடையில் வைத்தபடியே செத்த பேட்டரிகள். லோரியிலிருந்து இறக்கி வைக்க இடம் இல்லை.

நானும் ஹாசானும் மூடியைத் திறந்து அளந்தோம். ஒவ்வொரு பேட்டரியிலும் ஆறு செல்லும் ஒரே மாதிரி இறங்கியிருந்தன. பெட்டியில் அடித்திருந்த தேதியைப் பார்த்தேன். எல்லாம் அந்தப் பத்து நாளுக்குள். ஹாசான் தேதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து லெட்சுமிக்குக் கடிதம் வந்தது. மலாயில் இருந்தது. உற்பத்தி இடத்தில் பழத்தையும் பொடியையும் வைத்து ஆசிட்டைக் கெடுத்ததாகவும், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றும், விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை நீக்கம் என்றும். சூப்பர்வைசர் எழுதிய ரிப்போர்ட்டின் பேரில். சாட்சி என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

லெட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். அவள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“ஒரு பேட்டரிக்கு ஆறு மூடிக்கா. அத்தன பேட்டரி. எலுமிச்சம்பழத்துக்கு ரெக்க மொளச்சு ஒவ்வொரு மூடியா தொறந்து எறங்கிச்சா? கேக்க ஆளில்லலா.”

நான் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று சொன்னால் அதைக் கலந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். எனக்கும் வீடு இருக்கிறது, எனக்கும் அடுப்பு இருக்கிறது. அவள் போன பிறகு அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். “அக்கா, பயப்படாதீங்க. உங்கள ஒண்ணுதான் கேப்பாங்க, லெட்சுமி பழம் வச்சத பாத்தீங்களான்னு. நீங்க பேசவே வேணாம். ஆமான்னு தலையாட்டுங்க, போதும்” என்றார்.

என் வாழ்நாளில் என் கூச்சத்தை அவ்வளவு கேவலமாக யாரும் பயன்படுத்தியதில்லை. நான் பேசாதவள் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பேசாமையைக் கொண்டே ஒருத்தியின் கழுத்தை அறுக்கப் பார்க்கிறார். முகம் சூடேறியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தது. பெட்டியில் கீறல் விழுந்து விற்க முடியாமல் ஒதுக்கிய பேட்டரி ஒன்று மூலையில் கிடந்தது. உள்ளே தட்டெல்லாம் புதிது, ஆசிட் ஊற்றாதது. அதை எடுத்தேன். ஒரே பேட்டரி, ஒரே நாளில் செய்த தட்டு, ஆறு தனி அறை. எனக்கு வேண்டியது அதுதான். மெஷின் தண்ணீரில் கலந்த ஆசிட்டை முதல் இரண்டு செல்லில் ஊற்றினேன். டாங்கித் தண்ணீரில் கலந்ததை மூன்றிலும் நான்கிலும். ஐந்திலும் ஆறிலும் மெஷின் தண்ணீர் ஆசிட்டையே ஊற்றி, செல்லுக்குப் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை குங்குமமும் போட்டேன். சாமி மன்னிக்கட்டும். பூஜையில் அந்தப் பழத்தின் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் அவர் சொன்ன பழிக்கு மேலேயே நான் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

செல் வரிசையாகக் கோத்திருப்பதால் ஆறுக்கும் ஒரே அளவு சார்ஜ்தான் ஏறும். ஒன்றுக்கு அதிகம் கொடுத்தாள் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. சார்ஜ் முடிந்து அளந்தேன். ஆறும் இருநூற்று அறுபது. மூடிகளை இறுக்கி, கம்பியைக் கழற்றி வைத்தேன். ஹாசான் வந்து பார்த்தார். மூடிகளின் மேல் நான் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தார். பேட்டரியைத் தன் மேசைக்கு அடியில் தள்ளி, ஓர் அட்டையை எடுத்து மூடினார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

பன்னிரண்டு நாள் அதைத் தொடவில்லை. தொடாமலிருப்பதுதான் அந்தச் சோதனையிலேயே கஷ்டமான பகுதி. பதின்மூன்றாம் நாள் காலையில் அளந்தேன். ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் குழாயை மெஷின் தண்ணீரில் மூன்று முறை அலசித் துடைத்தேன். ஓர் அறையின் தண்ணீர் இன்னோர் அறையைத் தொடக்கூடாது. முதல் இரண்டும் இருநூற்று ஐம்பது. சும்மா வைத்தாலே அந்தப் பத்து இறங்குவது இயல்புதான். மூன்றாவது நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. நான்காவது நூற்றுத் தொண்ணூறு. ஐந்தும் ஆறும் இருநூற்று முப்பத்தைந்து.

ஆமாம், எலுமிச்சையும் கொஞ்சம் இறக்கியது. பாதிப் பழத்தைப் பிழிந்தால் இறக்கத்தான் செய்யும். அந்த எண்ணை மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறைத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அப்படியே எழுதிக்கொண்டேன்.

விசாரணை அன்று மாடி அலுவலகத்தில் நீள மேசை. நடுவில் பெரிய மேனேஜர், சீனர், மலாயில்தான் பேசுவார். பக்கத்தில் பெர்சனல் பிரிவு அம்மா ஒருவர். ஓரத்தில் சூப்பர்வைசர், கையில் கோப்பு. எதிரே லெட்சுமி. குளிர்சாதனம் போட்டும் அவள் கழுத்து வேர்த்திருந்தது. அவள் பழம் வைத்ததைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டார்கள். தலையாட்டினேன். சூப்பர்வைசர் கோப்பை மூடப் போனார்.

நான் எழுந்து நின்றேன். கதவுக்கு வெளியே ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். ஹாசான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என் குழாயையும் ஒரு கேன் நல்ல தண்ணீரையும் கொண்டுவந்தார். மேசையில் பழைய தாள் விரித்து வைத்தோம். எந்த செல்லில் என்ன ஊற்றினேன் என்று ஒவ்வொரு மூடியாகத் தொட்டுக் காட்டினேன். மேனேஜர் எழுந்து வந்தார். நான் அளந்து காட்டுவேன் என்றுதான் நினைத்தேன். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரு காலத்தில் அவரும் அந்த வேலை செய்தவர்போல. குனிந்து கண்ணை மிதவைக்கு நேராக வைத்து ஆறையும் படித்தார். நடு நடுவே அலசவும் மறக்கவில்லை.

“எலுமிச்ச செல்லும் எறங்கித்தான இருக்கு” என்று சூப்பர்வைசர் தமிழில் என்னிடம் முணுமுணுத்தார். பிறகு அதையே மலாயில் மேனேஜரிடம் சொன்னார்.

ஒரு செல்லுக்கு எவ்வளவு பழம் என்று மேனேஜர் கேட்டார். பாதிப் பழம் என்றேன். அப்படியானால் திரும்பி வந்த பேட்டரிகளுக்கு எத்தனை கூடை பழம் வேண்டும், இந்தப் பெண் எத்தனை பழம் கொண்டுவந்தாள் என்று சூப்பர்வைசரைக் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டினார். லெட்சுமிதான் சொன்னாள், மேசைக்கு நாலு, சாரோட காடிக்கு நாலு என்று.

மேனேஜர் சிரிக்கவில்லை. டாங்கித் தண்ணீரில் ஆசிட் கலந்தது யார் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரமாக அதற்காகத்தான் தூங்கவில்லை. என் உடைந்த மலாயில் சொன்னேன். தமிழில் சொன்னால் இதுதான்:

“நான்தான் கலந்தேன். கலக்கச் சொன்னது இவரு. தண்ணி செவப்பா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன், ஆனா மெதுவாச் சொன்னேன். சத்தமாச் சொல்லியிருக்கணும், அது என் தப்பு. அதுக்கு என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க. இவளுக்கு வேணாம்.”

அவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை. பேசி முடித்தபோது ஹாசான் ஒரு நாற்காலியை என் பின்னால் நகர்த்தி வைத்திருந்தது தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை லெட்சுமி வேலைக்கு வந்தாள். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டாங்கியிலிருந்து எங்கள் அறைக்கு வந்த குழாயை அறுத்தார்கள். மெஷின் மருந்து எப்போதும் ஒன்று கையிருப்பில் இருக்கவேண்டும் என்று புது விதி வந்தது. எல்லாம் சரி. ஆனால் அவளிடம் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அறிவிப்புப் பலகையில், உற்பத்தி இடத்தில் பூஜைப் பொருள்கள் வைக்கக்கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். தண்ணீரைப் பற்றி எந்தப் பலகையிலும் ஓர் எழுத்து இல்லை. புதிதாக வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், பழம்தான் காரணம் என்று புரிந்துகொண்டார்கள். பொய் இப்படித்தான் கதையாகிறது. யாரும் வாய்விட்டுப் பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையை ஒட்டாமல் விட்டாலே போதும்.

அதே வாரம் சூப்பர்வைசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ‘அக்கா’ இல்லை, பாக்கியம் என்று பெயர் சொல்லி. மேசையில் ஒரு கடிதம். அனுமதி இல்லாமல் கம்பெனிப் பொருளை, அதாவது ஒரு பேட்டரியை, சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்கு எச்சரிக்கை. உடைத்துப் போட ஒதுக்கிய பேட்டரி அது. டாங்கித் தண்ணீரால் செத்த பேட்டரிகள் வெளியே மலையாகக் கிடந்தன, அவற்றுக்கு யாருக்கும் எச்சரிக்கை இல்லை.

“நான் எழுதல, மேல எழுதச் சொன்னாங்க. கீழ சைன் போடுங்க” என்று பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் தமிழில் எழுதினேன். ஒன்று, இரண்டு: மெஷின் தண்ணீர், 1250. மூன்று, நான்கு: சூப்பர்வைசர் ஊற்றச் சொன்ன டாங்கித் தண்ணீர், 1195, 1190. ஐந்து, ஆறு: எலுமிச்சம்பழம் பாதிப் பாதி, 1235. பொறுமையாக எழுதினேன். என் எழுத்து பெரிது, இடம் முழுக்க நிறைந்துவிட்டது.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். அவர் கண் ஒவ்வொரு வரியாக இறங்கியதைப் பார்த்தேன்.

“இதெல்லாம் எதுக்கு இதுல எழுதுறீங்க? ஆபீஸ்ல யாருக்கு தமிழ் படிக்கத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும்ல சார்” என்றேன்.

வேறு தாள் அடித்துக்கொண்டுவரச் சொல்லலாமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. கடிதத்தில் மேனேஜரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. மறுபடி அடிக்க வேண்டுமானால் மறுபடி மாடிக்குப் போகவேண்டும், ஏன் என்று சொல்லவேண்டும். தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

கோட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கும் கீழே சாட்சிக்கு என்று இன்னொரு கோடு இருந்தது. அதில் சூப்பர்வைசர்தான் கையெழுத்துப் போடவேண்டும். பேனாவை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போட்டார்.